அந்தோனியாருக்கு ஐந்து பல் செட்

வணக்கம், எப்படி எல்லாரும்? சுகம்தானே? கொழும்பில் பின்னேரமானால் மழை. தடிமன், காய்ச்சல் என்று வீட்டுக்கு ஒராள் படுக்கையில். நீங்கள் இருக்கிற பக்கம் எப்படியோ தெரியாது, எதற்கும் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள். பல்லெல்லாம் சுகமா? சிரிக்காதீர்கள், காரணத்தோடுதான் கேட்கிறேன். கொட்டாஞ்சேனை மெற்றில்டாவுக்கு நடந்ததைக் கேட்டால் நீங்களும் இனிக் காணுகிறவர்களிடம் முதலில் பல்லைத்தான் விசாரிப்பீர்கள்.

போன ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. மெற்றில்டா கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுக் கொட்டாஞ்சேனைக்கு நடந்து வந்துகொண்டிருந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு கையில் குடை, மற்றக் கையில் மூக்குத் துடைக்கிற லேஞ்சி. லேஞ்சியை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. வழியில் கண்டு சிரித்தவர்களுக்குத் தலையை ஆட்டினாள். நின்று கதை கேட்டவர்களுக்கு "தடிமன்" என்று ஒரே ஒரு சொல். அதற்கு மேல் வாய் திறக்க முடியாது, மேல் முரசில் ஒரு பல்லும் இல்லை.

பல் செட் பிறெடியிடம் இருந்தது. ஊரில் அவனுக்குப் பல்லுப் பிறெடி என்று பெயர். ஒழுங்கைக்குள் ரோசாப்பூ திரைச்சீலை போட்ட வீடு, வெளியில் போர்ட் இல்லை. போர்ட் இல்லாததுதான் அவனிடம் ஆட்கள் போனதற்குக் காரணமே. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் வாங்கில் வரிசையாக இருத்துவார்கள், கோயில் பங்கில் பாதிப் பேர் அங்கே இருப்பார்கள், "உனக்கு எத்தனை?" என்று கேட்பார்கள். பிறெடியிடம் அந்தக் கரைச்சல் இல்லை. பின் கதவால் போகலாம், மூன்றே நாளில் செட் கைக்கு வரும். இன்னொரு வசதியும் இருந்தது. செட்டை வைக்கிற டப்பாவில் அவன் ஆளின் பெயர் எழுதமாட்டான்.

"பேர் வேணாம் அக்கா. கண்ணாடி அலுமாரியில வைக்கிறது, வாற ஆக்கள் வாசிப்பாங்க. உங்களுக்குப் பிடிச்ச ஒரு புனிதர்ட பேரைச் சொல்லுங்க, அதை எழுதிறன்" என்று ஆறு வருசத்துக்கு முன்னே, முதல் நாளே சொல்லிவிட்டான்.

மெற்றில்டா யோசிக்கவே இல்லை. "அந்தோனியார்" என்றாள்.

அந்த ஆறு வருசச் செட் கடந்த இரண்டு மாதமாக வலது பக்கம் உரசி, முரசில் ஒரு புண். பிறெடி இரண்டு தரம் அராவிக் கொடுத்தான். "உப்புத்தண்ணியில கொப்பளியுங்க அக்கா, போயிடும்" என்றான். போகவில்லை. மூன்றாம் தரமாகத் திங்கட்கிழமை கொடுத்துவிட்டு வந்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க, பூப்போல இருக்கும்."

வாழ்க்கையில் வேறு எந்தக் கிழமையாவது என்றால் பரவாயில்லை. அந்தச் சனிக்கிழமை மகள் ஷெரோமிக்குக் கலியாணம். பூசையில் திருப்பாடல் பாடப்போவது மெற்றில்டா. ஷெரோமி எட்டு வயதில் பிடித்த பிடி அது: "என்ட வெடிங்ல மம்மிதான் பாடோணும்." இருபது வருசமாக அந்தப் பங்கில் பாடுகிற குரல். சம்பந்தி வீட்டுக்காரர் வெள்ளவத்தை ஆட்கள், முதல் வாங்கில் இருந்து கேட்கப்போகிறார்கள். அவர்களுக்கு மெற்றில்டாவின் பல் கட்டுப்பல் என்று தெரியாது. தெரியவும் கூடாது.

ஒழுங்கைக்குள் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. பிறெடி வீட்டு வாசலில் சனம். கதவின் குறுக்கே வெள்ளைக் கடதாசி, அதன்மேல் சிவப்பு அரக்கு. ஒழுங்கை முகப்பில் கீரை விற்கிற அங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வாங்கம்மா, வாங்க. காலையில ரெண்டு ஜீப்புல வந்தாங்கம்மா. பதியாம வைத்தியம் பாக்குற எடத்தையெல்லாம் ஒடனே மூடணும்னு ஆர்டராம். அந்தப் பக்கத்து ரோட்டுல ஊசி போடுவாரே, அவரையும் கொண்டு போயிட்டாங்க. வெள்ளையாக்குறேன்னு பொண்ணுங்களுக்கு சேலைன் ஏத்துனாளே, அந்த சலூனும் பூட்டு. நம்ம பிறெடி தம்பி சாரத்தோடயே ஜீப்புல ஏறிருச்சு, பாவம்."

மெற்றில்டா லேஞ்சிக்குப் பின்னாலிருந்து, "அலுமாரி?" என்றாள்.

"அலுமாரிய அப்புடியே தூக்கிட்டாங்கம்மா. ஏம்மா, உங்களுக்கு அதுல என்னா?"

"ஒண்டுமில்ல" என்றாள் மெற்றில்டா. அந்த ஒரு சொல்லும் பாதி காற்றாகப் போனது.

*

வீட்டில் கேக் வேலை. கலியாணத்துக்கு முந்நூறு கேக் துண்டு, ஒவ்வொன்றையும் எண்ணெய்க் கடதாசியில் சுற்றி, வெள்ளிக் கடதாசியில் சுற்றி, சின்னப் பெட்டியில் போட வேண்டும். கடையில் எடுக்கலாம் என்று மாப்பிள்ளை றேமண்ட் சொல்லிப் பார்த்தான். மெற்றில்டா விடவில்லை. முந்திரிகை வற்றல், இஞ்சிப் பாகு, பூசணித் தோசி எல்லாம் மூன்று கிழமைக்கு முன்னே பிரண்டியில் ஊறப்போட்டாயிற்று. செவ்வாய் மத்தியானம் கேக்குக்குப் போடுகிற கஜுப்பருப்பு வெட்டுகிற வேலை நடந்தது. முப்பது வருசம் துறைமுகத்தில் கிறேன் ஓட்டிய அவள் புருசன் பற்றிக், பெனியனோடு குசினி மேசையில் இருந்து கஜுவை ஒவ்வொன்றாக எடுத்து நாலாக வெட்டினார். கொள்கலன் இறக்குகிற கவனம் அவர் கையில் இருந்தது.

"என்ன மெற்றி, முகம் ஒரு மாதிரி? அந்தோனியார் லீவோ?"

"செட் போச்சு."

"எங்க போச்சு?"

"ரெய்ட். பொலிஸ் கொண்டுபோயிட்டாங்க."

பற்றிக் கத்தியைக் கீழே வைத்தார். சிரிக்கக் கூடாது என்று அவர் எடுத்த முயற்சி காதுவரை சிவந்தது. "பல்லை அரெஸ்ட் பண்ணிட்டாங்களா? வாயை விட்டுட்டு?"

"சிரியுங்க, நல்லாச் சிரியுங்க. சனிக்கிழமை சபைக்கு முன்னால நிண்டு நான் ஊதப்போறன். அப்பவும் சிரியுங்க."

ஷெரோமி உள்ளேயிருந்து ஓடி வந்தாள். தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற பெண் மாதிரி, கேட்டதும் பிரச்சினையைப் பிரித்துப் போடுகிற சுபாவம் அவளுக்கு. "மம்மி, வேற ஆளைப் பாடச் சொல்லுவமா? கொயர்ல டிலக்ஷி இருக்கிறா. இல்லாட்டி நீங்க லேஞ்சியோட..."

"லேஞ்சியோட பாட நான் என்ன மந்திரவாதியா?"

"ஐயோ மம்மி, அவங்க தெரிஞ்சா என்ன? றேமண்டுக்கு நான் எப்பவோ சொல்லிட்டன்."

"மாப்பிள்ளைக்குச் சொல்லு. அந்த மனிசிக்கு மட்டும் தெரியக் கூடாது."

அந்த மனிசி என்றால் றேமண்டின் தாய் மர்லியா. வாய் நிறைய "மிஸிஸ் பேர்னாட்" என்றுதான் மெற்றில்டா கூப்பிடுவாள். ஜூன் மாதம் வெள்ளவத்தை பிளாட்டில் நிச்சயம் பண்ணின நாளிலிருந்து இந்த வலி. மேசை நிறையப் பலகாரம், மொறுமொறுவென்று அச்சில் பொரித்த கொக்கிஸ், பொரித்த கஜு, தொதல். மெற்றில்டா தன் பல்லின் மரியாதையைக் காப்பாற்ற ஒரு கொக்கிஸைக் கடித்தாள். செட் மேலே எழும்பியது. நாக்கால் அதைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, "நல்லா இருக்கு" என்றாள். மிஸிஸ் பேர்னாட் தன் வீட்டுப் பலகாரம் ஒன்றையும் தொடவில்லை. பட்டர் கேக்கை முள்ளுக்கரண்டியால் துணுக்குத் துணுக்காக எடுத்துச் சாப்பிட்டா. சிரிப்பு வந்தால் ஓரம் பின்னின லேஞ்சியால் வாயைப் பொத்தினா. திரும்பி வரும்போது திறீவீலில் மெற்றில்டா சொன்னாள்: "சரியான வெள்ளவத்தைக் கெப்பர், பெருமை. சிரிக்கிறதுக்கும் கை மறைப்பு."

அன்று பின்னேரம் மழை கொட்டத் தொடங்கியபோது ரெலிபோன் அடித்தது. மிஸிஸ் பேர்னாட்! மெற்றில்டா போனை ஷெரோமியிடம் தள்ளினாள், ஷெரோமி திரும்பத் தள்ளினாள்.

"ஹலோ" என்றாள் மெற்றில்டா, உதட்டை இறுக்கிக்கொண்டு.

"ஹலோ மிஸிஸ் பற்றிக். நாளைக்குச் சாறி எடுக்க வாறனெண்டு சொன்னனான். வர ஏலாது. தடிமன்." அந்தக் குரலும் மூடிப்போய் இருந்தது.

"எனக்கும் தடிமன்."

"எல்லா இடமும் தடிமன்தான்."

"ஓம், ஓம்."

இரண்டு பேரும் இவ்வளவு சுருக்கமாக ஒருநாளும் கதைத்ததில்லை. போனை வைத்த மெற்றில்டா, "பார், சாறி எடுக்க வரவும் மனமில்ல. தடிமனாம்" என்றாள்.

*

புதன்கிழமை காலையில் பின் கதவைத் தட்டிக்கொண்டு பிறெடி நின்றான். பிணையில் விட்டிருந்தார்கள். நனைந்த குடை, சவரம் செய்யாத முகம்.

"அக்கா, கோவமோ?"

"இல்ல, சந்தோசத்தில துள்ளுறன். என்ட பல்லு எங்க?"

"பொலித்தீன் பையில போட்டு நம்பர் ஒட்டி வச்சிருக்கிறாங்க அக்கா. கேஸ் முடியுமட்டும் சாட்சி."

"அப்ப மெற்றியிட பல்லும் கோர்ட்டுக்கு வருமோ?" என்று பற்றிக் கேட்டார். "என்னைப் பற்றி ஒண்டும் சொல்லாமல் இருந்தாச் சரி."

பிறெடிக்கும் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது. வாசற்படியில் இருந்துவிட்டான். மெற்றில்டா கோபம் என்றாலும் தேத்தண்ணீர் போடாமல் விடுகிறவளில்லை. கோப்பையை நீட்டினாள்.

"ரெய்டுக்கு நோனா ஒராள் வந்தா அக்கா, பெரிய அதிகாரி. நிலூஷாவாம், களனிப் பக்கம். சத்தம் போடேல்ல. ஒவ்வொண்டா கேட்டா. பதிவு எங்க? இல்ல. எங்க படிச்சது? ஒரு பல் மெக்கானிக்கிட்ட கைவேலை பழகினனான். சரி, இந்தச் சாமானெல்லாம் எதில அவிக்கிறது? நான் கேத்திலக் காட்டினன்."

மெற்றில்டாவின் கை நடுவழியில் நின்றது. "எந்தக் கேத்தில்?"

பிறெடி நிலத்தைப் பார்த்தான். "வீட்டில ஒண்டுதானே அக்கா இருக்கு."

திங்கட்கிழமை அவன் வீட்டில் குடித்த இஞ்சிப் பிளேன்ரீ மெற்றில்டாவின் தொண்டைக்குள் திரும்ப வந்து நின்றது. ஆறு வருசத்தில் எத்தனை கோப்பை! பற்றிக் இப்போது அடக்கவில்லை, மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கஜு உருண்டது.

"நீங்க சிரியாதீங்க! பிறெடி, உனக்கு அறிவில்லையா? எல்லார்ட வாய்க்குள்ளயும் போட்டு எடுத்ததை..."

"கொதிக்கிற தண்ணிதானே எண்டு நினைச்சனான் அக்கா. அந்த நோனா சொல்லித்தான் விளங்கினது. சத்தியமா ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்கேல்ல." அவன் எழும்பினான். "வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்த நோனாட ஒபிஸுக்கு எல்லாரும் போய்ச் செட்டை அடையாளம் காட்டோணும். ஒரு பல் டொக்டரும் இருப்பாராம், வாயைப் பாப்பாராம். போங்க அக்கா. ஒண்டு மட்டும்..." தயங்கினான். "அந்தோனியார் எண்டு எழுதின டப்பா உங்கட மட்டும் இல்ல."

"பிறகு?"

"அஞ்சு."

"அஞ்சா! நான் தந்த பேரை மற்ற ஆக்களுக்கும் குடுத்தியா?"

"நான் என்ன செய்ய? கொட்டாஞ்சேனையில புனிதர் பேர் கேட்டா வேற யார்ட பேரைச் சொல்லுவாங்க? டப்பா நிறத்தை வச்சு நான் அடையாளம் பிடிப்பன். இப்ப எல்லாத்தையும் ஒரே மாதிரிப் பையில போட்டுட்டாங்க."

*

வியாழக்கிழமை அந்தக் கந்தோரின் இரண்டாம் மாடியில் ஒரு நீள வாங்கு. வாங்கு முழுக்க லேஞ்சி. வெள்ளை லேஞ்சி, கட்டம் போட்ட லேஞ்சி, ஒருவர் துவாயே கொண்டு வந்திருந்தார். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. மெற்றில்டா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைசி மூலையில் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தாள்.

கதவு திறந்தது. நிலூஷா நோனா முப்பத்தைந்து வயதுப் பெண். கண்ணாடி, கையில் பைல், பாவம் செய்த ஆட்களின் கதையை மூன்று நாளாகக் கேட்ட களைப்பு. பைலைப் பார்த்துக் கூப்பிட்டா:

"அந்தோனி மாத்தயா ஆவத?"

ஒருவரும் அசையவில்லை. நோனா தனக்குத் தெரிந்த தமிழில் திருப்பிக் கேட்டா. "அந்தோனி. வந்தாச்சா? இந்த அந்தோனிக்கு அஞ்சு செட் பல் இருக்கு. ஒரு ஆளுக்கு எதுக்கு அஞ்சு? அவர்தான் எனக்கு முக்கியமா வேணும். அவர் ஏஜன்ட் போல."

வாங்கில் ஒரு சத்தம் எழும்பியது. இருமலா சிரிப்பா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். முதலில் துவாய்க்காரர் எழும்பினார், புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிற சங்கிலி. "நாந்தாங்க நோனா அந்தோனி."

"உங்க பேர் அந்தோனியா?"

"பேரு சங்கிலிங்க. நெத்தியில விபூதி பாருங்க. ஆனா செவ்வாக்கெழமைன்னா அந்தோனியாருகிட்டத்தான் போவேன். அதான் அவரு பேரக் குடுத்தேன்."

பிறகு ஒரு கிழவர் எழும்பினார். பிறகு ஒரு தையல்காரப் பெண். மெற்றில்டா கண்ணை மூடி, "அந்தோனியாரே, நீர்தான் தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர், இண்டைக்கு என்னைத் தொலைச்சு விடும்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழும்பினாள்.

"நாலு" என்றா நோனா. "அஞ்சாவது அந்தோனி?"

வாங்கின் மற்ற மூலையில், தலையில் சீலைத்தலைப்பும் முகத்தில் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு மனிசி மெல்ல எழும்பினா. கையில் ஓரம் பின்னின லேஞ்சி.

மெற்றில்டாவுக்கு அந்தப் பின்னலைத் தெரியும். ஜூன் மாதத்திலிருந்து தெரியும்.

"மிஸிஸ் பேர்னாட்?"

"மிஸிஸ் பற்றிக்?"

இரண்டு லேஞ்சியும் ஒரே நேரத்தில் இறங்கின. இரண்டு வாயும் திறந்தபடி நின்றன, இரண்டிலும் மேல் வரிசை காலி. யார் முதலில் சிரித்தது என்று பிறகு இரண்டு பேருக்கும் வாக்குவாதம். ஆனால் சிரிப்பு தொடங்கியபின் நிற்கவில்லை. மெற்றில்டா சுவரைப் பிடித்தாள், மர்லியா மெற்றில்டாவைப் பிடித்தா. சங்கிலி துவாயை எடுத்துவிட்டுச் சிரித்தார். வாங்கு முழுக்க லேஞ்சிகள் மடிக்கு வந்தன.

"மொகத மே! என்ன இது?" என்று நிலூஷா நோனா பைலை மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டா. பக்கத்து அறை கிளார்க் வந்து காதில் விளங்கப்படுத்தியதும் அவவும் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டா. திரும்பி வந்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"வெள்ளவத்தையில ஒரு டென்டிஸ்டும் இல்லையா உங்களுக்கு?" மெற்றில்டா மூச்சு வாங்கக் கேட்டாள்.

"அங்க என்னைத் தெரியாத ஆள் இல்லையே. கொட்டாஞ்சேனைக்கு வந்தா யாரும் காணமாட்டாங்க எண்டு நினைச்சு வந்தனான்."

"கஜுவைத் தொடாததுக்கு நான் உங்களைக் கெப்பர் எண்டு..."

"நீங்க கொக்கிஸைக் கடிச்ச கடியைப் பாத்து, இந்த மனிசிக்கு என்ன பல்லடா எண்டு நான் அண்டைக்கு நித்திரை கொள்ளேல்ல!"

பல் வைத்தியர் புஷ்பராஜ் இளம் ஆள், திரைக்குப் பின்னால் ஒரு கதிரையும் விளக்கும் வைத்திருந்தார். மெற்றில்டா நினைத்தது மாதிரி அவர் முதலில் செட்டை எடுக்கவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு வாயைப் பார்த்தார். விளக்கை இன்னும் கிட்டக் கொண்டு வந்தார். சிரித்துக்கொண்டே வந்த மெற்றில்டாவுக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"இந்தப் புண் எத்தனை நாளா இருக்கு அம்மா?"

"ரெண்டு மாசம் இருக்கும். பிறெடி அராவித் தந்தவன். உப்புத்தண்ணி..."

"ரெண்டு கிழமைக்கு மேல ஆறாத புண்ண வச்சுக்கிட்டு ஒருத்தரும் சும்மா இருக்கக் கூடாது. யாராவது இத லைட் போட்டுப் பாத்தாங்களா?"

"இல்ல."

"அதுதாம்மா பிரச்சின. அவர் செட்ட நல்லாத்தான் கட்டியிருக்கார், கை சுத்தமான வேல. ஆனா வாயப் பாக்கத் தெரியாதே. ஒரசல்ல வந்த புண் மாதிரித்தான் தெரியுது, பயப்படாதீங்க. ஆனா நான் எழுதித் தாறேன், இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெரியவங்ககிட்டக் காட்டணும்."

மெற்றில்டா தலையை ஆட்டினாள். இருந்தாலும் நாக்கு கேட்கவந்ததைக் கேட்டது. "டொக்டர், சனிக்கிழமை மகளுக்குக் கலியாணம். நான்தான் பாடோணும். அந்தச் செட்டை ஒரு நாளைக்கு, ஒரே ஒரு பூசைக்கு..."

திரைக்கு வெளியே இருந்த நிலூஷா நோனா தலையை நீட்டினா. "அம்மே, அது சாட்சி. எனக்குக் குடுக்க ஏலாது."

"அவங்க குடுத்தாலும் நான் போட விடமாட்டேன்" என்றார் புஷ்பராஜ். "மூணு கிழம ஒரு செட்டும் வாய்க்குள்ள போகக் கூடாது. புண் ஆறணும். பிறகு ஆஸ்பத்திரியில முறையாச் செஞ்சு தருவாங்க."

*

மர்லியாவும் கூடவே ஆஸ்பத்திரிக்குப் போனா. "நீங்க வீட்டுக்குப் போங்க, வேலை இருக்கும்" என்று மெற்றில்டா சொல்லச் சொல்லக் கேட்கவில்லை. எந்த வாங்குக்குப் பயந்து ஆறு வருசம் ஒளித்துத் திரிந்தாளோ, அதே வாங்கில் மெற்றில்டா இரண்டு மணித்தியாலம் இருந்தாள். பங்கு ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரும் தங்கள் பல்லைப் பற்றித்தான் கதைத்தார்கள். இவள் பல்லை யாரும் எண்ணவில்லை. பெரிய டொக்டர் பார்த்து, உரசல்தான் போல, மூன்று கிழமை செட் இல்லாமல் விட்டுத் திரும்ப வரவேண்டும், ஆறாவிட்டால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார்.

வெளியே வந்தபோது மழை. முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடைக்குள் ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் முதலை மாதிரி நீளமான கிம்புலா பனிஸ், மேலே சீனி மின்னியது. மர்லியா இரண்டு எடுத்தா. இரண்டு பேரும் அதைத் தேத்தண்ணீரில் முக்கி முக்கி ஊறவைத்து, சத்தமாக உறிஞ்சிச் சாப்பிட்டார்கள். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு மெற்றில்டா இன்னொருவர் முன்னிலையில் பயமில்லாமல் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

"நான் பாடமாட்டன்" என்றாள் பனிஸின் நடுவில். "டிலக்ஷி பாடட்டும். 'ச' வாற இடமெல்லாம் காத்துப் போகுது. சனம் சிரிக்கும்."

"சிரிச்சா?"

"உங்களுக்கென்ன, முதல் வாங்கில வாயை மூடிட்டு இருப்பீங்க."

மர்லியா வாயைத் துடைத்தா. ஓரம் பின்னின லேஞ்சியை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்துப் பூட்டினா. "சரி. இந்தா, சனிக்கிழமை நான் இதை வீட்டில விட்டுட்டு வாறன். பூசை தொடங்கி முடியுமட்டும் பல்லில்லாமச் சிரிச்சுக்கொண்டு இருப்பன். யாராவது சிரிக்கிறதெண்டா முதல்ல என்னைப் பாத்துச் சிரிக்கட்டும். அப்ப பாடுவியா மெற்றில்டா?"

'மிஸிஸ் பற்றிக்' எங்கே போனது என்று மெற்றில்டா கவனிக்காமல் இல்லை.

"பேர்னாட் அண்ணன் என்ன சொல்லுவார்?"

"அவருக்கே தெரியாது என்ட பல்லு கட்டுப்பல்லு எண்டு. நாலு வருசமா நான் எழும்பி, பல்லைப் போட்டுட்டுத்தான் அவரை எழுப்புறன். இந்த மூண்டு நாளும் தடிமன் எண்டு மற்ற அறையில படுத்தனான். இண்டைக்குப் போய்ச் சொல்லோணும். அவர் உயிரோட இருந்தா சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாறன்."

மெற்றில்டாவுக்குத் தேத்தண்ணீர் மூக்கில் ஏறியது.

*

சனிக்கிழமை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஷெரோமி வெள்ளைச் சாறியில் தகப்பன் கையைப் பிடித்து வந்தாள். பற்றிக் கோட்டுக்குள் வியர்த்து, கொள்கலனைத் தொங்கவிட்டவர் மாதிரி ஒவ்வொரு அடியாக வைத்தார். முதல் வாசகம் முடிந்தது. மெற்றில்டா எழும்பிப் போய் மைக் முன்னால் நின்றாள். கையில் லேஞ்சி இல்லை, என்ன செய்வது என்று தெரியாமல் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன.

முதல் வரி. குரல் நன்றாகத்தான் எழும்பியது, ஆனால் இரண்டாம் சொல்லில் மைக் ஊதியது. மூன்றாம் வாங்கில் ஒரு சின்னப் பிள்ளை கலகலவென்று சிரித்தது. தாய் அதன் வாயைப் பொத்தினாள். மெற்றில்டாவின் கண் புத்தகத்தைவிட்டு எழும்பி முதல் வாங்குக்குப் போனது.

மர்லியா ஊதாப்பூச் சாறியில், கழுத்து நிமிர, வாயை முழுக்கத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தா. மேல் முரசு பளபளத்தது. பக்கத்தில் பேர்னாட் உயிரோடு இருந்தார். அவரும் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பின் வாங்கில் சங்கிலி. தையல்காரப் பெண். மெற்றில்டா கூப்பிட்டாளென்று வந்த பிறெடி, தூணுக்குப் பின்னால் பாதி ஒளிந்து நின்றான்.

மெற்றில்டா வாயைத் திறந்தாள், இந்த முறை நன்றாக. ஊதினால் ஊதட்டும். பல் இருந்த காலத்தில் செட் விழுந்துவிடும் என்று பயந்து ஆறு வருசமாக அவள் மேல் சுரத்தைத் தொட்டதே இல்லை. இப்போது விழ என்ன இருக்கிறது? அந்த மேல் சுரத்தைப் பிடித்துக் கூரைவரை கொண்டுபோய் நிறுத்தினாள். மணவறைக் கதிரையில் ஷெரோமி அழுதாள், சிரித்தாள், றேமண்டின் கோட்டுக் கையில் கண்ணைத் துடைத்தாள். சபை பதில் பாடியபோது ஜன்னல் அதிர்ந்தது.

வெளியில் படம் எடுக்கும்போது போட்டோக்காரன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அன்ரிமார், கொஞ்சம் வாயை மூடினா நல்லா இருக்கும்."

"உனக்குப் பல்லு இருக்கெண்ட கெப்பரா? எடடா!" என்றா மர்லியா.

அந்தப் படம்தான் இப்போது கொட்டாஞ்சேனை வீட்டிலும் வெள்ளவத்தைப் பிளாட்டிலும் மாட்டியிருக்கிறது. மணமக்கள் ஓரத்தில், நடுவில் இரண்டு தாய்மாரும் மேல் வரிசையில் ஒரு பல்லும் இல்லாமல்.

மூன்று கிழமையில் புண் ஆறிவிட்டது. புதுச் செட்டுக்கு ஆஸ்பத்திரியில் அளவு எடுத்தார்கள், அட்டையில் "மெற்றில்டா" என்று சொந்தப் பெயரை எழுதச் சொல்லி நின்று பார்த்தாள். பிறெடியின் வழக்கு நடக்கிறது. அது முடிந்ததும் ஒரு பதிவுள்ள பல் வைத்தியரிடம் கைவேலைக்குச் சேரக் கேட்டிருக்கிறான். மெற்றில்டா அவனுக்குக் கேக் கொடுத்தாள், கூடவே ஒரு புதுக் கேத்திலும். தேத்தண்ணீருக்கு மட்டும் என்று மூடியில் எழுதி.

நிலூஷா நோனாவின் மேசைக்குக் கலியாணம் முடிந்த திங்கட்கிழமை தபாலில் ஐந்து கேக் பெட்டி வந்ததாம். அனுப்பியவர் பெயர்: அந்தோனி. ஐந்தையும் பைலில் சேர்க்காமல் கந்தோர் முழுக்கப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்களாம்.

சரி, இவ்வளவும் சொல்லியாயிற்று, இனி உங்கள் முறை. போர்ட் இல்லாத எந்த வீட்டுப் பின் கதவால் நீங்கள் வைத்தியத்துக்குப் போனீர்கள், யாருக்கு ஒளித்துப் போனீர்கள், கடைசியில் அங்கே யாரைக் கண்டீர்கள்? வெட்கப்படாமல் எழுதிப் போடுங்கள். பல் இருக்கிறவர்களும் எழுதலாம்.